ஷாக்கியிலிருந்து வந்த டயர்

ஓயோ நகர பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அவேரோவின் அக்கரா எங்கே கிடைக்கும் என்று யாரையும் கேட்க வேண்டாம். மூக்கு இழுக்கிற பக்கம் கால் போனால் போதும். சாலைக்கு எதிர்ப்புறம், ஓஜே வளவின் சுவரை ஒட்டி ஒரு நீலக் குடை. குடைக்குக் கீழே மூன்று கல் அடுப்பு. அடுப்பின் மேல் குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல ஒரு இரும்புச் சட்டி. சட்டிக்குப் பின்னால், தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு, அவேரோ.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. காராமணியை ஊறவைத்து, தோல் போகக் கசக்கி, மிளகாயும் வெங்காயமும் சேர்த்து அரைத்து, அந்த மாவை மர உரலில் போட்டு அடிப்பாள் பாருங்கள், ஏதோ பழைய பகை தீர்க்கிற மாதிரி இருக்கும். அடிக்க அடிக்க மாவு பஞ்சாகும். பஞ்சான மாவைக் கரண்டியால் அள்ளி எண்ணெயில் விட்டால் அது மூழ்குவதே இல்லை, மிதக்கிறது. ஊரில் அக்கரா போடுகிறவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். மிதக்கிற அக்கரா இவளுடையது மட்டும்தான்.

வாய் அதற்கு மேல். யாருக்கு எத்தனை என்பதை முகத்தைப் பார்த்து அவளே முடிவு செய்வாள்.

"ஆறு போடு, அவேரோ."

"மூணு போதும். நேத்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடுனியே, மறந்துட்டியா?"

"காசு குடுக்கறது நான்!"

"வயிறும் ஒன்னுதுதான். மூணு எடுத்துக்க, கஞ்சி கூடக் கொஞ்சம் ஊத்தறேன். வண்டியை எடு, ஆளுங்க கத்தறாங்க பாரு."

டிரைவர்கள் திட்டிக்கொண்டே வாங்கிப் போவார்கள். மறுநாளும் வருவார்கள்.

இந்த வளவுக்கு அவள் மருமகளாக வந்து இருபத்து நாலு வருஷம். ஈசேயின் ஊரில் நெசவுக்காரர் வீட்டுப் பெண். கல்யாணமாகி உள்ளே கால் வைத்த அன்று, மூக்கு ஒழுகிக்கொண்டு ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இடுப்பில் கை வைத்து வழிமறித்து நின்றாள். மாப்பிள்ளையின் தங்கை, லாபே.

"நானும் உன் புருஷன்தான். நீ வர்றதுக்கு முன்னாடியே இந்த வீட்டுல பொறந்தவ. தண்ணி கொண்டா, பொண்டாட்டி."

அந்த வீட்டில் முன்னாடியே பிறந்தவர்கள் எல்லாரும், பெண்ணானாலும், மருமகளுக்குப் புருஷன் முறை. ஊர் வழக்கம் அப்படி. அவேரோ மண்டியிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, முந்தானையால் அந்தப் புருஷனின் மூக்கையும் துடைத்துவிட்டாள். லாபேக்கு இப்போது முப்பத்து மூன்று வயது, ரெண்டு பிள்ளைகள். இன்னும் அதே பேச்சுதான். "என்ன பொண்டாட்டி, இன்னிக்கு உப்பு தூக்கலா இருக்கே?" "தின்னுட்டுப் பேசு, என் புருஷா."

நிஜப் புருஷன் பெயர் ஓஜேதேலே. பஸ் ஸ்டாண்டுக்குள் பாதாம் மரத்தடியில் பஞ்சர் கடை. நல்ல மனுஷன். ஒரு நாளைக்கு அவன் பேசுகிற வார்த்தைகளை ரெண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் பாதி "பாக்கலாம்." ஓஜேதேலேயின் "பாக்கலாம்" அவன் கடை வாசலில் கிடக்கிற டயர் மாதிரி. தட்டிவிட்டால் உருளும். எங்கேயும் போய்ச் சேராது.

அவேரோவின் தலைவலி எல்லாம் அந்த ஒரு வார்த்தைதான்.

வளவின் முன் அறைக்குச் சாலையைப் பார்த்து ஒரு கம்பி ஜன்னல். அது பாபாவின் அறை. பாபா என்றால் அவள் மாமனார், பெரியவர் ஓஜேகுன்லே. கடைசிக் காலத்தில் அவருக்கு ரத்த அழுத்தம். உப்பு கூடாது, எண்ணெய் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஓஜேதேலே, மூத்த பிள்ளையின் பெயரால் அவளைக் கூப்பிட்டு, ஒரு வருஷத்துக்கான பேச்சை மொத்தமாகப் பேசினான். "ஐனா அம்மா, அவரு கேட்டா குடுக்கக் கூடாது. கெஞ்சினாலும் குடுக்கக் கூடாது. அழுதாலும்!"

பாபா கெஞ்சவும் இல்லை, அழவும் இல்லை. விடிகாலையில், ஓஜேதேலே முதல் பஸ்ஸுக்குக் காற்றடிக்கப் போன பிறகு, ஜன்னல் கம்பி வழியாக ஒரு சுருங்கிய கை வெளியே வரும்.

"எண்ணெய் சரியாக் காஞ்சுதான்னு பாக்க ஒரு அனுபவஸ்தன் வேணாமா, அவேரோ?"

"டாக்டர் என்ன சொன்னாரு, பாபா?"

"டாக்டர் சாப்பிடாதன்னாரு. நான் சாப்பிடல. பரிசோதனை பண்றேன்."

சட்டியிலிருந்து எடுத்த முதல் அக்கரா அந்தக் கைக்குப் போகும். ஊதி ஊதித் தின்றுவிட்டு, உப்புக் குறைச்சல் என்று ஒரு குறையும் சொல்லிவிட்டுக் கை உள்ளே போய்விடும். அவருக்கென்று உப்புக் குறைவாகக் கலந்த மாவு அது என்பதை அவள் சொன்னதில்லை. ஜன்னலுக்கு உள்ளே ஒரு ஆள், வெளியே ஒரு ஆள். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

ஒருநாள் அடாத மழை. குடையைக் காற்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது, அடுப்பு அணைந்து புகை, மாவு முழுக்கத் தண்ணீர். அவேரோ நனைந்த கோழி மாதிரி சுவரோடு ஒட்டி நின்றாள். ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"இவளே, நான் போனதுக்கப்புறம் இந்த ரூமை நீ எடுத்துக்க. இந்த ஜன்னலோரமா சட்டியை வை. மழை என்ன பண்ணிடும்?"

"காலங்காத்தால என்ன பேச்சு பாபா இது."

"சொல்றதைக் கேளு. ரூமு உனக்கு. ஆனா விடிகாலைல முதல் ஒண்ணு எனக்கு. நான் எங்க இருந்தாலும்."

அடுத்த மாதம் அவர் போய்விட்டார். எண்பத்து மூன்று வயது, தூக்கத்திலேயே. வயதானவர் நிறைவாகப் போனால் வீட்டார் அக்கரா பொரித்துத் தெரு முழுக்கக் கொடுப்பார்களே, அவேரோ மூன்று நாள் இடைவிடாமல் பொரித்தாள். பொரித்துக்கொண்டே அழுதாள். கண்ணீருக்கு வெங்காயத்தைக் காரணம் சொன்னாள். தான் ஒளித்துக் கொடுத்த அக்கராதான் எமனோ என்று உள்ளுக்குள் ஒரு முள். டாக்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள். "அம்மா, எண்பத்து மூணு வயசு. கேள்வி கேக்காதீங்க, நன்றி சொல்லுங்க" என்றார் அவர். அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது. ஆனாலும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

முன் அறையை ஓஜேதேலே பூட்டினான். சாவியை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

ஆறு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவேரோ கேட்பாள். "ஐனா அப்பா, அந்த முன் ரூமு சும்மாதானே கெடக்கு. பாபா எனக்குன்னு சொன்னாரு."

"எப்பச் சொன்னாரு? யாருகிட்ட?"

அவேரோ மாவுப் பக்கம் திரும்பிக்கொள்வாள். எப்போது என்று சொன்னால் ஜன்னல் வரும், ஜன்னல் வந்தால் கை வரும், கை வந்தால் அக்கரா வரும்.

"பாக்கலாம்" என்பான் அவன்.

இந்த வருஷம் பார்க்கலாமுக்கு நேரமில்லாமல் போய்விட்டது. செல்போன் கடை வைக்க இடம் தேடிய ஒருவனை லாபே பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். திங்கட்கிழமை அறையைப் பார்க்க வருகிறானாம்.

"தப்பா எடுத்துக்காத பொண்டாட்டி. பூட்டி வச்சு எலிக்குக் குடுக்கறதுக்கு ஒரு மனுஷனுக்குக் குடுக்கலாம்ல? அண்ணன்கிட்ட கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வான்? பாக்கலாம்னான்."

அது வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை எகுங்குன் திருவிழாவில் ஓஜே வளவின் முறை. போன பெரியவர்கள் மேலே இருந்து இறங்கி, துணி போர்த்து, மேளத்தோடு வீதி வந்து, சொந்த வாசலில் நின்று, பிள்ளைகளின் குறை கேட்கிற நாள். ஆறு வருஷமாக அந்த வாசலுக்கு வருகிறவர் பாபா.

அவேரோ கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தட்டினாள். சரி. வாக்குக் கொடுத்தவரையே கேட்டுவிட்டால் போயிற்று!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் துணிக்குள் நடக்கிற கால் யாருடையது என்பது பெண்களுக்குத் தெரியக் கூடாத விஷயம். தெரியக் கூடாது என்பதால் எந்தப் பெண்ணுக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதில் அந்த ஊர்ப் பெண்களை மிஞ்ச ஆளே கிடையாது.

ஓஜேதேலே மட்டும் திருவிழா நாளில் ஊரில் இருக்க மாட்டான். பழைய டயர் வாங்க ஷாக்கிக்குப் போய்விடுவான். ஆறு வருஷமாக, தவறாமல், அதே நாளில்தான் ஷாக்கியில் டயர் மலிவு. விடிவதற்குள் கிளம்பிவிடுவான். அவேரோ சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். சாயங்காலம் காலி டப்பாவோடும் சிவந்த கண்ணோடும், இடது காலை இழுத்துக்கொண்டு வருவான். ஒருமுறைகூட டயர் வந்ததில்லை.

"ஷாக்கி ரோடு ரொம்ப மோசமோ?"

"ரொம்ப."

"முழங்காலுக்குத் தைலம் தேச்சுக்கங்க. பாவம், இந்த வருஷமும் உங்க அப்பாவைப் பாக்கக் குடுத்து வைக்கல."

"ம். எப்படி இருந்தாரு?"

"நல்லா ஆடினாரு. என்னமோ, அவருக்கும் இடது முழங்கால்தான் மடங்கல."

பாபா உயிரோடு இருந்தபோது அவர் முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. ஓஜேதேலேக்குத்தான் பைக்கிலிருந்து விழுந்து மடங்காமல் போனது. "மேல இருந்து அவ்வளவு தூரம் நடந்து வர்றாருல்ல, வலிக்காதா?" என்று லாபே கேட்பாள். பெண்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டுவார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க மாட்டார்கள்.

இதனால் அவேரோவுக்கு நம்பிக்கை இல்லை என்று யாராவது நினைத்தால், அவளிடம் கரண்டி அடி வாங்கத் தயாராக இருக்க வேண்டும். ரேடியோப் பெட்டியைச் சந்தையில் வாங்குகிறோம். குரல் லாகோஸிலிருந்து வருகிறது. பெட்டி நம் வீட்டுப் பெட்டி என்பதால் செய்தி பொய்யாகிவிடுமா? துணி தலைக்கு மேல் விழுந்துவிட்டால் உள்ளே இருப்பது பாபா. அவ்வளவுதான்.

சனிக்கிழமை விடிகாலை சாப்பாட்டு டப்பாவை நீட்டும்போது அவேரோ பேச்சுவாக்கில் சொன்னாள்:

"இன்னிக்கு பாபாகிட்ட ஒரு விஷயம் கேக்கப் போறேன்."

டப்பாவை வாங்கிய கை அப்படியே நின்றது. "என்ன விஷயம்?"

"அது எனக்கும் அவருக்கும். நீங்க ஷாக்கிக்குக் கிளம்புங்க, டயர் தீந்துடப் போகுது."

அவன் போனான். வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தான். பிறகு போனான்.

பத்து மணிக்கெல்லாம் வளவின் முற்றத்தில் எள் விழ இடமில்லை. பாட்டா மேளம் தெருமுனையில் கேட்டதுமே அவேரோவின் தொண்டை தானாகத் திறந்துகொண்டது. வம்சத்தின் புகழைப் பாடுவது வீட்டு மருமகள்களின் வேலை. இருபத்து நாலு வருஷத்தில் பிறந்த வீட்டுப் புகழைவிட இந்த வீட்டுப் புகழ்தான் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. எந்தக் கொள்ளுத் தாத்தா எந்தப் போரில் நின்றார், எந்த அத்தை சந்தையையே வாயால் அடக்கினாள், எல்லாம் சரசரவென்று வரும்.

பாபா வந்தார்.

தலையிலிருந்து தரை வரை துணி. முகத்தில் பின்னல் வலை. மேலே சிவப்பு வெல்வெட், அதன்கீழ் பட்டை பட்டையாக வருஷத்துக்கு ஒன்று வீட்டார் கொடுத்த துணிகள். மூன்றாவது அடுக்கில் ஒரு நீலப் பட்டை உண்டு. அவேரோ மருமகளாக வந்த வருஷம் ஈசேயினிலிருந்து அவள் அப்பா நெய்து அனுப்பியது. அவர் சுழன்று ஆடும்போது மட்டும் அது பளிச்சென்று தெரியும். முன்னால் பிரம்போடு அக்கான்பி சித்தப்பா. கூட்டத்தை ஒதுக்குவதும், எகுங்குன் மீது யாரும் பட்டுவிடாமல் பார்ப்பதும், வாக்கை எடுத்துச் சொல்வதும் அவர்தான்.

"நவுருங்க! துணி பட்டா நான் பொறுப்பில்ல! குறை சொல்றவங்க சீக்கிரம் சொல்லுங்க, இன்னும் நாலு வாசல் இருக்கு!"

லாபே முதலில் மண்டியிட்டாள். பிள்ளைகள் படிப்புக்கு ஆசி கேட்டாள். துணிக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. மனுஷக் குரல் இல்லை அது. அடித்தொண்டையில் கரகரவென்று, மரத்தைக் கல்லில் தேய்க்கிற மாதிரி. "படிப்பாங்க. செல்போனைப் புடுங்கி வை."

அடுத்து அவேரோ. ஒரு தட்டில் சுடச்சுட அக்கராவைப் பாதத்தருகே வைத்துவிட்டு மண்டியிட்டாள்.

"பாபா, போறதுக்கு முன்னாடி நீங்க எனக்கு ஒரு வாக்குக் குடுத்தீங்க. முன் ரூம் எனக்குன்னு. நீங்களும் நானும் மட்டும் இருந்தோம், வேற சாட்சி இல்ல. அதனால உங்களையே கேக்கறேன். திங்கக்கெழமை வேற ஒருத்தன் வரப் போறான். நீங்க குடுத்தது நெசமா இல்லையா?"

மேளம் நின்றுவிட்டது. லாபே "அடிப்பாவி" என்று முணுமுணுத்தது எல்லார் காதிலும் விழுந்தது.

துணி அசையவில்லை.

அக்கான்பி சித்தப்பா தொண்டையைச் செருமினார். "சரி, பாபா யோசிச்சு அடுத்த வருஷம் சொல்லுவாரு. அடுத்தது யாரு?"

"நான் எந்திரிக்க மாட்டேன், சித்தப்பா."

"இவளே, நாலு வாசல் இருக்குங்கறேன்ல!"

"நாப்பது இருக்கட்டும். பதில் வரட்டும்."

துணி மெல்ல அசைந்தது. இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தபடி ஒரு அடி முன்னால் வந்தது.

"என் மகன் எங்க?"

"ஷாக்கிக்குப் போயிருக்காரு, பாபா."

"எதுக்கு?"

"டயர் வாங்க."

"ஆறு வருஷமாப் போறான். ஒரு டயராவது வாங்கினானா?"

முற்றம் முழுக்கச் சிரிப்பை வாயில் துணி வைத்து அடைத்தது. ஒரு அம்மாள் இருமுவது போலச் சிரித்து நிஜமாகவே இருமத் தொடங்கிவிட்டாள். அவேரோ மட்டும் சிரிக்கவில்லை.

"வாங்கல, பாபா."

"வந்தான்னா சொல்லு." குரல் இறங்கிவிட்டது. கரகரப்புக்குள் என்னவோ தடுக்கியது. "மத்தியானம் எல்லாரும் சாப்பிடற நேரத்துல பின்பக்கமா வர்றான். ரூமைத் தொறந்து உள்ளே போயிச் சாத்திக்கிறான். என் நாற்காலில உக்கார மாட்டான். பக்கத்துல தரைல உக்காந்துக்கறான். என் தொப்பியை மடில வச்சுக்கறான். ஆறு வருஷமா. அவன்கிட்ட சொல்லு. நான் அந்த ரூமுக்குள்ள இல்ல. பூட்டு போட்டா நான் எப்படி இருப்பேன்? நான் தெருவுல வர்றவன். கதவைத் தொறக்கச் சொல்லு. நாற்காலியை வாசல்ல போடச் சொல்லு. நாலு பேரு உக்காரட்டும்."

அவேரோவுக்கு மத்தியானச் சாப்பாடு ஞாபகம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் வேலை அதிகம் என்று ஆறு வருஷமாக அவன் கடையிலேயே தின்கிறான் என்றல்லவா அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்! கஞ்சத்தனம், தங்கைக்குப் பயம், இவள் பேச்சுக்கு மதிப்பில்லை, என்னவெல்லாமோ நினைத்திருந்தாள். தொப்பியை நினைக்கவே இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இந்த முறை வெங்காயமும் கையில் இல்லை.

"சொல்றேன், பாபா."

துணி திரும்பப் போனது. பாதி திரும்பி நின்றது. குரல் வந்தது. முந்தினதைவிடச் சின்னதாக, ஏதோ ரகசியம் கேட்கிற மாதிரி:

"விடிகாலைல முதல் ஒண்ணு எனக்குத்தானே?"

மற்றவர்களுக்கு அது படையலைப் பற்றிய பேச்சு. அக்கான்பி சித்தப்பா ஏற்கெனவே அடுத்த வாசலுக்கு வழி ஒதுக்கிக்கொண்டிருந்தார். மண்டியிட்டிருந்த அவேரோ அப்படியே தரையில் நெற்றி பட விழுந்தாள்.

"உங்களுக்குத்தான், பாபா. உங்களுக்குத்தான்."

மேளம் மறுபடி வெடித்தது. பாபா சுழன்றார். நீலப் பட்டை ஒரு கணம் பளிச்சிட்டு மறைந்தது.

சாயங்காலம் ஆறு மணி. அவேரோ முற்றத்தில் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கச் சந்தில் என்னவோ உருளுகிற சத்தம். ஓஜேதேலே வந்தான். கண் சிவந்து, இடது காலை இழுத்துக்கொண்டு, ஒரு கையில் காலி டப்பா. இன்னொரு கையால் ஒரு டயரை உருட்டிக்கொண்டு!

அவேரோ டயரைப் பார்த்தாள். தேய்ந்த லாரி டயர். பக்கவாட்டில் சாக்பீஸால் "பெரிய ஓட்டை, விக்காதே" என்று எழுதியிருந்தது. அவன் கடையில், அவன் கையெழுத்தில், ரெண்டு மாதமாகப் பாதாம் மரத்தடியில் கிடந்த டயர்.

"ஷாக்கில வாங்கினேன்" என்றான்.

"நல்ல டயரு" என்றாள் அவள். உதட்டைக் கடித்துக்கொண்டதில் ரத்தமே வந்திருக்கும். "அலைச்சலுக்குப் பலன் கெடைச்சுது. உக்காருங்க."

தைலத்தை எடுத்து வந்து முழங்காலில் தேய்த்துக்கொண்டே சொன்னாள். பாபா வந்ததை, அவள் கேட்டதை, அவர் சொன்னதை. நாற்காலியை, தொப்பியை. ஒரு வார்த்தை கூட்டவில்லை. அவன் தலையைக் குனிந்து, முதல் தடவை கேட்கிறவன் மாதிரி கேட்டான். "அப்படியா சொன்னாரு?" என்றான். "ம்" என்றான். பூட்டு போட்டா நான் எப்படி இருப்பேன் என்று அவள் சொன்னபோது மூக்கை உறிஞ்சினான்.

ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. கடைசியில் கேட்டதை. அதைச் சொன்னால் பழைய குற்றம் வெளியே வருமே.

ஓஜேதேலே எதையோ வாயில் போட்டு மெல்கிற மாதிரி தாடையை அசைத்துக்கொண்டிருந்தான். பிறகு பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான்:

"அது சரி, அந்த முதல் ஒண்ணுன்னா என்ன? நானும் பகல் பூரா யோசிச்சுப் பாக்கறேன், எனக்கே புரியல. எங்கேருந்து வந்துச்சுன்னே..."

நிறுத்தினான். கையும் களவுமாகப் பிடிபட்டவன் போல விழித்தான்.

அவேரோவின் கை முழங்காலில் அப்படியே நின்றது. அவன் முகத்தைப் பார்த்தாள். நடிப்பில்லை. நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை! அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஜன்னலுக்கு உள்ளே ஒரு ஆள், வெளியே ஒரு ஆள் என்றிருந்த பேச்சு அது. உள்ளே இருந்தவர் வந்துதான் கேட்டிருக்கிறார்.

ஆனால் முதலில் இந்த மனுஷனைக் காப்பாற்றியாக வேண்டும். வாய் தவறிவிட்டது என்று இவன் நாளைக்குச் சோறு தின்ன மாட்டான்.

"ஷாக்கி வரைக்கும் கேட்டுச்சா?" என்றாள் ரொம்ப சாதாரணமாக. "கேட்டிருக்கும். அக்கான்பி சித்தப்பா இந்தத் தடவை மைக் செட்டு வேற பெரிசா வச்சிருந்தாரு."

மைக் செட்டே வைக்கவில்லை.

"ஆமா" என்றான் ஓஜேதேலே, மூச்சு விட்டு. "பெரிய செட்டு."

"சொல்றேன். ஆனா நீங்க கோவிச்சுக்கக் கூடாது." தைல டப்பாவை மூடினாள். "நீங்க காத்தடிக்கப் போனதும் பாபா ஜன்னல் வழியாக் கையை நீட்டுவாரு. தினமும். முதல் அக்கரா அவருக்குத்தான்."

"டாக்டர் வேணாம்னாரே!"

"வேணாம்னாரு."

"தினமுமா?"

"தினமும்."

"ஒண்ணா?"

"ஒண்ணுதான். சில நாள் ரெண்டு. ஞாயித்துக்கெழமை மூணு."

ஓஜேதேலே அவளையே பார்த்தான். இப்போது வெடிக்கப் போகிறான் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவன் தோள்கள் குலுங்கின. முதலில் சிரிப்பு, பிறகு அழுகை, பிறகு ரெண்டும் சேர்ந்து எது எது என்று தெரியாமல்.

"நான் கஞ்சி கொண்டு போவேன்" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உப்பில்லாத கஞ்சி. முகத்தைச் சுளிக்காமக் குடிப்பாரு. இவ்ளோ கட்டுப்பாடான மனுஷனான்னு ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேனே! உதட்டுல எண்ணெய் மினுக்குமா? வெயில்னு நெனைச்சேன்!"

"உப்பு பத்தலன்னு எங்கிட்டத் திட்டுவாரு."

"திட்டுவாரா?"

"கடைசி நாள் வரைக்கும் திட்டினாரு."

"சந்தோஷமா இருந்தாரா?"

"கை ஆடிக்கிட்டே உள்ள போகும்" என்றாள் அவேரோ.

அவன் கழுத்துக் கயிற்றைத் தலை வழியாகக் கழற்றி, சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினான். பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

ரெண்டு பேரும் சேர்ந்தே கதவைத் திறந்தார்கள். நாற்காலியை அவன் தூக்கி வந்து வாசலில் போட்டான். தொப்பியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். "அது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். தலையில் வைத்துக்கொண்டான். கொஞ்சம் பெரிசு. காதில் இடித்தது.

திங்கட்கிழமை செல்போன்காரன் வந்தபோது முன் அறை ஜன்னலிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. வெளியே நல்ல மழை. உள்ளே ஆறு டிரைவர்கள் ஈரத் தலையோடு வரிசையில். லாபே வாசல் கூரைக்கடியில் பாபாவின் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"தாமதமா வந்துட்டீங்க தம்பி. வீட்டுப் பெரியவர் நேர்ல வந்து முடிவு சொல்லிட்டுப் போயிட்டாரு."

"எந்தப் பெரியவர்? எப்ப வருவாரு? நான் பேசிப் பாக்கறேன்."

"அடுத்த வருஷம் வருவாரு. மூணு அக்கரா சாப்பிட்டுப் போங்க. பொண்டாட்டி, இவருக்கு மூணு!"

"ரெண்டு போதும், என் புருஷா. பல்லுல கறையைப் பாரு, ராத்திரி தூங்காம எதையோ மென்னுக்கிட்டே இருந்திருக்கான்."

அவன் எங்கே உட்காருவது என்று சுற்றும் முற்றும் பார்த்தான். நாற்காலிக்குப் பக்கத்தில் படுக்க வைத்த ஒரு பழைய லாரி டயர் இருந்தது. மேலே சாக்குத் துணி விரித்து வாகாக இருக்கை மாதிரி. சாக்பீஸ் எழுத்தை யாரோ அழித்திருந்தார்கள்.

"இது நல்லாருக்கே. எங்க வாங்கினது?"

அவேரோ சட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஜன்னல் விளிம்பில், கம்பிக்கு நடுவே, அன்றைய முதல் அக்கரா ஆறிக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும் அவள் உப்பைக் கொஞ்சம் கூடவே போட்டிருந்தாள்.

"ஷாக்கிலங்க" என்றாள். "அங்கதான் மலிவு."